சீ என்றால் ஓம்

இணுவில்
12-3-1943

அன்புள்ள அத்தானுக்கு, கனகாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதும்படி மாமி சொன்னார். எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பெங்களூர் முகாம் ஆஸ்பத்திரியில் உங்களிடம் மருந்துக்கு வரும் இத்தாலிய யுத்தக் கைதிகள் தங்கள் நோவை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு துண்டில் எழுதி, நீயும் பாடமாக்கு, லீவில் வந்து உன்னைக் கேட்பேன் என்று அனுப்பியிருந்தீர்கள். தினமும் பின்னேரம் அதைச் சத்தமாய் வாசிக்கிறேன். தலை தெஸ்தா, பல் தெந்தே, வயிறு பஞ்சா, கால் கம்பா. இருமலுக்குத் தோசே என்று வாசித்த அன்று, அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி, "உழுந்து விக்கிற விலையிலை அவங்களுக்குத் தோசை கேக்குதோ" என்றார். அவர் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் மருமகளாய் வந்த இந்த இரண்டு வருஷமாய் அவர் என்னோடு கதைத்தது வேலை சொல்ல மட்டும்தானே.

அடுத்த நாள் கிணற்றடியில் குனிந்தவர் நிமிர முடியாமல் நின்றார். முதுகு நோகுதோ என்று கேட்டேன். "எனக்கென்ன, கல்லுப் போலை இருக்கிறன்" என்றார். பின்னேரம் தானாகவே வந்து, முதுகுக்கு என்ன சொல் என்று விசாரித்தார். ஸ்கியேனா, முதுகு நோவு என்றால் மால் தி ஸ்கியேனா என்றேன். பாடம் ஒப்புவிக்கிற மாதிரி "மால் தி ஸ்கியேனா" என்று சொல்லி முதுகைத் திருப்பிக் காட்டினார். நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டேன்.

அன்று முதல் இத்தாலியப் பாஷையில்தான் சுகம் விசாரிக்கிறேன். தமிழில் கேட்டால் ஒரு நோவும் இல்லை. தெஸ்தா என்றால் தலையாட்டிச் "சீ" என்கிறார், கம்பா என்றாலும் "சீ" என்கிறார். சீ என்றால் அவர்களுக்கு ஓம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். முந்தநாள் பக்கத்து வீட்டு அருமைநாயகி வந்து சுகமில்லையோ அக்கா என்று கேட்க, மாமி பழக்கத்தில் "சீ" என்றுவிட்டார். அருமைநாயகி கோபித்துக்கொண்டு, கொண்டுவந்த கூழோடு திரும்பிப் போய்விட்டார். பின்னால் ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். "பொம்பிளையைச் சம்மதமோ எண்டு கேட்டாலும் சீ எண்டுதான் சொல்லுவாளோ? உந்த ஊரிலை என்னெண்டு கலியாணம் முடிக்கினம்" என்று கேட்டார். கூழை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை, காலையில் கந்தசுவாமி கோயிலால் வரும்போது மாமி வழியில் மதகில் இருந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. "பிள்ளை, உந்தத் துண்டிலை நெஞ்சுக்கு என்ன எழுதியிருக்கிறான்" என்று கேட்டார். நினைத்துப் பார்த்தேன். தொண்டைக்குப் பிறகு கைதான் வருகிறது. இல்லை மாமி என்றேன். "இல்லாட்டி விடு" என்று எழும்பினார். என் கையைப் பிடித்தவர் எங்கள் வீட்டுப் படலை வரும்வரை விடவில்லை. பரியாரியார் தம்பிஐயா நாடி பார்த்துக் குளிகை தந்து, உங்களுக்கு அறிவிக்கச் சொன்னார். மாமி வேண்டாம் என்கிறார்.

அத்தான், நெஞ்சுக்குரிய அந்தச் சொல்லைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பெரிய டொக்டரிடம் லீவு கேட்டு, நீங்களே வந்து அவருக்குச் சொல்லிக் கொடுங்கோ. சுருக்காக வாருங்கோ.

உங்கள் வரவுக்குக் கந்தனை மன்றாடும்
கனகாம்பிகை