எங்கம்மா ஊட்டுக்காரர்

14-6-79, வியாழன்

செல்வியைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தார்கள். அவளுக்கு நான்கு வயதில் அவள் அம்மா மரகதத்தை நான் கட்டிக்கொண்டேன். இன்றுவரை என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் என்னைக் காட்டி, "இவரு உனக்கு என்ன வேணும் சாமி?" என்று கேட்டார்.

"எங்கம்மா ஊட்டுக்காரருங்க" என்றாள் செல்வி.

மரகதம் அந்தம்மாவுக்குக் காப்பியை நீட்டினாள். அவர்கள் போனதும் மரகதத்திடம் கேட்டேன்.

"உள்ளதைத்தானுங்க சொன்னா" என்றாள்.

பெண்ணைப் பிடித்துவிட்டதாம். தாரை வார்க்கச் செல்வியின் பெரியப்பன் வரவேண்டுமாம். தம்பி செத்த பிறகு அந்தப் பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காத மனிதன். அவனை நாளைக்கு நான்தான் போய் அழைக்க வேண்டுமாம்.