விதை வைக்காத கொடி

அன்புள்ள துணைவிக்கு,

உன் கணவனும் இந்நகராட்சியின் தோட்ட ஆய்வாளனுமாகிய நான், நீ மறைத்த ஒன்றை அறிந்துகொண்டேன் என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். பக்கத்து அறைக்கு வந்து சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும்.

நீ ஆசையாக வளர்க்கும் வெளிநாட்டு ஊதாக்கொடி சாக்கடைக் குழாய்களைப் பிளப்பதால், அதை எங்கிருந்தாலும் அகற்ற உத்தரவாகியிருக்கிறது. நம் வாசலைத் தவிர ஊரில் வேறெங்கும் அது இல்லை என்றே நம்பியிருந்தேன். இன்று மதியம் நம் மகள் வீட்டுச் சுவரில் அது கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கக் கண்டேன்.

அவள் தன் விருப்பப்படி மணந்துகொண்ட அன்று, அந்த வீட்டு வாசலை இருவரும் மிதிப்பதில்லை என்று நான் சொன்னபோது நீ தலையசைத்தாய்.

இன்று என்னைக் கண்டதும் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். “வாங்க சார். உள்ள கூப்பிடலாமா, இல்ல அதுக்கும் ஆர்டர் வேணுமா?”

“இந்தக் கொடி எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“காத்துல வந்துச்சு சார். அப்படியே எழுதிக்கோங்க.”

அந்தக் கொடி இங்கே விதை வைப்பதில்லை. யாராவது தண்டை ஒடித்துக் கொண்டுபோய் நட்டால்தான் உண்டு. அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு உன் மூக்கு. பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேரில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி தழைக்கும் என்பதால், மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு உதவியாளர் இருக்கிறார், அவரை அனுப்பப்போவதில்லை. நாளை காலை மண்வெட்டியோடு நானே போகிறேன். நீ வருவதானால், இனி என்னோடு வா.

உன் கணவன்