பெயர் சொல்லி ஜெபித்த வெள்ளிக்கிழமை

ஜூலை 2, 2025. புதன்

சர்ச் ஹாலில் ஹீட்டர் மறுபடியும் மக்கர். மெல்பர்ன் பக்கத்து டண்டினொங்கின் ஜூலைக் குளிரில் எல்லாரும் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து ஆங்கிலம் படித்தார்கள். இன்றைய பாடம், வீட்டுக்காரருக்குப் போன் செய்து குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது. வீட்டுக்காரரைத் திட்டவும் சொல்லிக்கொடுங்கள் என்றாள் நூபியா. அது அடுத்த பருவத்துப் பாடம் என்றேன்.

வகுப்பு முடிந்ததும் ஸ்பானிஷில் கால் மணி நேரம் வேத வாசிப்பு, ஜெபம். விருப்பம் உள்ளவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் போகலாம். ஆங்கிலத்தைக் காட்டி ஆள் பிடிக்கிற வேலை எனக்கு ஆகாது என்று முதல் நாளே பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். இன்று மூன்று பேர் இருந்தார்கள்.

பொலிவியாவில் இரண்டு வருடம் ஊழியத்தில் இருந்தபோது கற்ற பாஷை. இங்கே ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தச் சாம்பிள்களோடு யார் ஸ்பானிஷ் பேசுவது? புதன்கிழமை மட்டும் அது வாயில் வருகிறது. தமிழில் ஜெபிப்பதைவிட அதில் எனக்கு நன்றாக வருகிறது. இது நன்றியா, பெருமையா? பெருமைதான். எழுதி வைக்கிறேன்.

லுஸ் டாரி இன்றும் கடைசி ஆளாக நின்று கப்புகளைக் கழுவிவிட்டுப் போனாள். கொலம்பியாக்காரி. வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டுப்பாடம் மட்டும் ஒரு பிழை இல்லாமல் வரும்.

ஜூலை 9, புதன்

லுஸ் டாரியைப் புருஷன் அடிக்கிறான்.

எல்லாரும் போன பிறகு கப் கழுவிக்கொண்டிருந்தோம். ஸ்வெட்டர் கை நனைகிறதே, மேலே தள்ளிவிட்டுக்கொள் என்றேன். தள்ளவில்லை. குழாயை மூடினாள். பிறகு அவளாகவே தள்ளிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே, விரல் விரலாகக் கன்றியிருந்தது.

ஊரிலேயே ஆரம்பித்ததாம், இங்கே வந்த பிறகு அதிகம். விசா அவன் படிப்பின் பேரில். அவள் அதில் மனைவி என்று ஒட்டிக்கொண்டு வந்தவள். பிரிந்தால் உன்னைப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே அடிப்பானாம். இப்போது பெண்களுக்கான ஓர் அமைப்பைப் பிடித்திருக்கிறாள். வக்கீல் பார்க்கிறார். தங்க இடமும் கிடைத்துவிட்டது. அவனுக்குப் பகலும் இரவும் மாறி மாறி வேலை. இருபத்து நான்காம் தேதி அவன் இரவு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியதும் ஒரு கார் வரும், ஒரு பையோடு ஏறிவிட வேண்டும்.

"நூபியாவுக்குக்கூடச் சொல்லவில்லை. கடவுளுக்கும் உங்களுக்கும்தான் தெரியும், எர்மானா" என்றாள். எர்மானா என்றால் சகோதரி. சபையில் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள். "அதுவரைக்கும் அவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்க ஜெபியுங்கள்."

ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. இதை ஒருத்தியாக எப்படிச் சுமப்பது?

ஜூலை 11, வெள்ளி

ரஞ்சினி அன்ரி வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம். இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்றால் இந்த வீடுதான். அவர்கள் யாழ்ப்பாணம், நான் பாளையங்கோட்டை, ஆனாலும் எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் அங்கிருந்துதான் வரும். அன்ரியின் கணவர் அருமைநாயகம் அங்கிள் வழக்கம்போல் கதிரைகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு கேட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு பி.ஆர்., நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இன்னும் வரவில்லை. ஒருவருடைய மகனுக்குப் பெண் அமையவில்லை.

என் முறை வந்தது. கஷ்டத்தில் இருக்கிற ஒரு சகோதரிக்காக என்று மட்டும் சொன்னேன்.

"பொதுவாச் சொன்னா எப்பிடிப் பிள்ளை பாரத்தோட ஜெபிக்கிறது? பேரைச் சொல்லும்" என்றார் அங்கிள்.

அதுவும் சரிதானே. ஊரிலும் அப்படித்தான் வளர்ந்தேன். பேரைச் சொல்லி, வியாதியைச் சொல்லி, ஆபரேஷன் தேதி முதற்கொண்டு சொல்லித்தான் ஜெபிப்போம். சொன்னேன். லுஸ் டாரி, கொலம்பியா, அடி, இருபத்து நான்காம் தேதி, கார். புருஷன் மனந்திரும்பவும் ஜெபிக்க வேண்டும் என்று அவன் பெயரைக் கேட்டார் அங்கிள். வில்மர் என்றேன். அங்கிள் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

உருக்கமான ஜெபம். ரஞ்சினி அன்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ரோல்ஸ், தேத்தண்ணி. ஜெபக்கூட்டத்தில் சொன்னது வெளியே போகாது. மனம் லேசாகிவிட்டது. இன்று தூக்கம் வரும்.

ஜூலை 12, சனி

வந்தது. எட்டு மணி வரை தூங்கினேன்.

ஜூலை 16, புதன்

லுஸ் டாரி வரவில்லை. இதுவரை ஒரு வகுப்புகூடத் தவறவிட்டதில்லை. அதே பிளாட்டில் மேல்மாடியில் இருக்கும் நூபியாவும் வரவில்லை. இருவருக்கும் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. காய்ச்சல் சீசன்தானே, அதுவாகத்தான் இருக்கும். இருபத்து நான்கு வரைக்கும் ஆண்டவரே.

ஜூலை 17, வியாழன்

நூபியா லேப்புக்கே போன் செய்தாள்.

செவ்வாய் இரவு. லுஸ் டாரிக்குத் தாடை உடைந்திருக்கிறது. தோள்பட்டை எலும்பும். கீழே சத்தம் கேட்டு போலீசைக் கூப்பிட்டது நூபியாதான். அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று முழுக்க நூபியா அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள்.

அவன் கத்தியது மாடிவரை கேட்டதாம். வேலை இடத்தில் ஒரு சர்ச் கிழவனுக்குத் தெரிகிறது, தேதி வரைக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியாதா என்று.

எந்தக் கிழவன் என்று நான் நூபியாவைக் கேட்கவில்லை. அங்கிள் டண்டினொங் சவுத்தில் வேர்ஹவுஸ் சூப்பர்வைசர். வில்மர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். எத்தனையோ வேர்ஹவுஸ் இருக்கு இந்த ஊர்ல — எந்த வேர்ஹவுஸ்னு நான் ஏன் கேட்கல? ஏன் வாயைத் தொறந்தேன்? ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையே எனக்கு. உனக்கும் கடவுளுக்கும்னுதானே சொன்னா.

ஜூலை 18, வெள்ளி

கூட்டம் தொடங்கும் முன்பே அன்ரி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வேலை இடத்துக்குப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு நாளில் பத்து வயது கூடினவர் மாதிரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு அங்கிள் அவன்கிட்டப் போனீங்க?" நின்றபடியே கேட்டேன்.

"நான் நல்லதுக்குத்தான் பிள்ளை போய்க் கதைச்சனான். குடும்பம் எண்டால் பிரியவிடலாமோ? மனுசி போகப் போறா, இனியாவது திருந்து எண்டு சொன்னனான். அவன் என்ர கையைப் பிடிச்சு அழுதவன். நாங்கள் ரெண்டு பேரும் லஞ்ச் ரூமில இருந்து ஜெபிச்சனாங்கள்."

ஜெபித்தானாம். மத்தியானம் அங்கிளோடு சேர்ந்து ஜெபித்துவிட்டு, இரவு வீட்டுக்குப் போய்த் தாடையை உடைத்திருக்கிறான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. உங்களுக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்றது நினைவிருக்கிறது. ரஞ்சினி அன்ரிதான் குசினி வாசலிலிருந்து சொன்னார்: "இவரை ஏசுறாய். நீ சொல்லாட்டி இவருக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. மத்தியானம் பாஸ்டர் போன் செய்தார். நல்ல மனிதர், தூத்துக்குடி நாசரேத் பக்கம்.

"சுகிர்தா சிஸ்டர், போலீஸ் உங்ககிட்டயும் கேப்பாங்க. அங்கிள் நல்லெண்ணத்துலதான் செஞ்சாரு. அவர் பேரு, ஜெபக்கூட்டம், இதெல்லாம் வரணுமா? சபைக்கு ஒரு இடறலா ஆயிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதை யோசிப்பது? அங்கிள் பெயரை விட்டால் என் பெயரையும் விட்டுவிடலாம். எனக்கும் சேர்த்துத்தான் அவர் வழி காட்டுகிறார்.

மாலையில் ஜெபக்கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. அருமைநாயகம் அண்ணனுக்கு இரத்த அழுத்தம், சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். லுஸ் டாரிக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. போடாததே நல்லது. அவளுக்காக இந்தக் கூட்டம் ஜெபித்தது போதும்.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை என்றார்கள். நூபியா வெளியே வந்தாள்.

எந்நேரமும் ஏதாவது வம்பு பேசுகிறவள், இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளால் பேச முடியாது, தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தாள். நீங்கள் சொன்னீர்களா?"

விளக்கலாம் என்றுதான் வந்திருந்தேன். ஜெபத்துக்காகச் சொன்னது, அவன் அங்கே வேலை செய்வது தெரியாது, எங்கள் பழக்கம் அப்படி... காரில் வரும்போது ஸ்பானிஷில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். நூபியாவைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆம், சொன்னேன் என்றேன்.

நூபியா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வாங்கிப்போன பூ கையிலேயே இருந்தது. கார் பார்க்கில் யாரோ ஒரு கிழவிக்குக் கொடுத்தேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

ஜூலை 25, வெள்ளி

போலீஸ் நிலையம். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிள் பெயர், வீட்டு விலாசம், ஜெபக்கூட்டம், நான் சொன்ன வார்த்தைகள்.

"ரகசியம் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை ஓர் அறை நிறைய ஆட்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஏன்?"

ஜெபிப்பதற்காக என்றேன்.

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியவில்லை. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். ஆட்கள் சேர்ந்து, பெயர் சொல்லி, விவரம் சொல்லி... ஆங்கிலத்தில் அதைச் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது ஊர்வம்பு மாதிரிக் கேட்டது.

ஊர்வம்புதானா? எல்லாம் அப்படி இல்லை. அன்ரியின் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்கு மனம் லேசானதே, அது யாருடைய பாரம்? அவளுடையதை எடுத்து எல்லாருக்கும் பங்குவைத்துவிட்டு நான் லேசானேன். அவளுக்கு ஒரு துளி குறையவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பாஸ்டருக்குப் போன் செய்து, அங்கிள் பேரைச் சொல்லிட்டேன், என் பேரையும் சொல்லிட்டேன் என்றேன். சரி சிஸ்டர் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

கடையில் ரஞ்சினி அன்ரி. கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் இருமிக்கொண்டிருந்தேன். இனி ரசம் வராது.

ஆகஸ்ட் 6, புதன்

நான்கு பேர். பாடம், டாக்டரிடம் நேரம் கேட்பது. முடிந்ததும் வேதாகமத்தை நான் பையிலிருந்து எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு எல்லாரும் நேரே போய்விட்டார்கள். கப்புகளை நானே கழுவினேன்.

தனியாக இருக்கும்போதும் ஜெபிக்க வரவில்லை. வாயைத் திறந்தால் யாரிடமோ போட்டுக்கொடுப்பது போல இருக்கிறது. ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்தப் பெண்கள் அமைப்பிலிருந்து போன். வாடகைக்கோ வக்கீலுக்கோ ஏதாவது தர முடியுமா, துணிமணி அனுப்பலாமா என்று கேட்டு நான் போன வாரம் தகவல் விட்டிருந்தேன். அதற்குப் பதில்.

லுஸ் டாரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். கம்பியை இன்னும் எடுக்கவில்லை. மெல்பர்னில் இல்லை. உயிரோடு, அவனுக்குத் தூரமாக இருக்கிறாள்.

கோட் ஒன்று வைத்திருக்கிறேன், நல்ல கோட், நீங்களே அனுப்பிவிடுகிறீர்களா என்றேன். முடியாது என்றாள் அந்தப் பெண். எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லக் கூடாது என்பது உங்கள் விதியாக இருக்கும், புரிகிறது என்றேன்.

அந்தப் பெண் அப்போதுதான் கோப்பைத் திறந்தாள், தாள் புரளும் சத்தம் கேட்டது. "விதி மட்டும் இல்லை. யாருக்கெல்லாம் தன்னைப் பற்றி எந்தத் தகவலும் போகக் கூடாது என்று நாங்கள் அவர்களையே கேட்போம். அவர் இரண்டு பெயர் கொடுத்திருக்கிறார். ஒன்று கணவர்."

அடுத்த பெயரைப் படிக்கப் பார்த்தாள். சு... சுகி... என்று திணறினாள். வெள்ளைக்காரர்கள் யாருக்கும் அது ஒரே தடவையில் வராது. மன்னியுங்கள், எப்படி உச்சரிப்பது என்று கேட்டாள்.

சுகிர்தா என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் தடவை சரியாகச் சொன்னாள்.