சோப்பு டப்பாவும் புதுப் பவுடரும்

ஜனவரி 8, திங்கள்

இன்றும் அதே கதை. மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வருவதற்குள் கிருபா சோப்பு டப்பாவோடு ஓடி வருகிறாள். ஒன்றரை வயதுக்கு, அம்மா என்றால் சோப்பு என்று பதிந்துவிட்டது.

கிளியனூர் பைப் கம்பெனியில் எனக்கு மிக்சிங் வேலை. பைப் சூட்டில் கருகாமல் இருக்கக் கலக்கும் பவுடரில் ஈயம். பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. குளித்து உடை மாற்றும்வரை அவளைத் தொட மாட்டேன். டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு திருடி மாதிரி கொல்லைக்கு ஓடுகிறேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு தலையெழுத்து!

நாளை ஈயமில்லாத பவுடரை ஓட்டிப் பார்க்கிறார்களாம். பைப் நன்றாக வந்தால் இனி அதுதான். கடவுளே, வரட்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

பைப் மஞ்சளடித்து வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பவுடர் கொண்டுவந்த பிரபாகரன் சார், "சூட்டைக் கொறைங்க, இது பழசு மாதிரி தாங்காது" என்றார். மெஷின் ஓட்டும் பக்கிரி அண்ணன் கேட்டால்தானே! "இத்தினி வருஷமா இதே சூடுதான் வெச்சிக்கினு இருக்கேன்."

வெள்ளிக்கிழமைவரை பார்ப்பாராம் மேனேஜர். சரிவராவிட்டால் பழைய பவுடர் மூட்டைதான்.

ஜனவரி 10, புதன்

வெள்ளை வெளேரென்று பைப்! பஸ்ஸில் உப்பளத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 11, வியாழன்

லேப் ரிசல்ட் — நேற்றைய பைப்பில் ஈயம் இருக்கிறதாம். எப்படி?

பக்கிரி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீ அழுதியேம்மா... மனசு கேக்கல. பழைய பவுடர் ரெண்டு கை போட்டுட்டேன்."

அடப்பாவி மனுசா! எனக்கு நல்லது செய்கிறாராம்! கத்தித் தீர்த்தேன். சோப்பு டப்பா கதையையும் சொன்னேன். "எம் புள்ளய நான் தூக்கணும் அண்ணா, புரியுதா?"

அவர் மிக்சர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஜனவரி 12, வெள்ளி

நான் போவதற்குள் அண்ணன் மிக்சரைக் கழுவி வைத்திருந்தார். சூட்டையும் அவரே குறைத்தார். டீக்குக்கூட மெஷினை விட்டு நகரவில்லை. பைப் பளிச்சென்று வந்தது. லேப் என்ன சொல்லுமோ?

ஜனவரி 13, சனி

ஈயம் இல்லை! இல்லவே இல்லை! பழைய மூட்டைகள் லாரி ஏறிவிட்டன.

"அமுதா, இனிமே புள்ளய தூக்கு" என்றார் அண்ணன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் லீவு முடிந்தது. கழுவித் துடைத்த ரூம், புது யூனிஃபார்ம், புதுப் பவுடர். கம்பெனியிலேயே கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

கிருபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சோப்பு டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"குளி!"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். டப்பாவோடு சேர்த்து அவளையும் அள்ளிக்கொண்டு குளிக்கப் போனேன்.