கல்யாணமாகாத திருடனின் மோதிரம்

என் ஊர்சுற்றிக்கு,

சிகாகோவில் நாம் பார்த்தோமே, பெட்டகத் திருடன் நாடகம், அது படமாக வந்திருக்கிறது. அன்று மேடையைப் பார்த்து, "இவன் திறக்கறதுக்குள்ள போலீஸ்காரனுக்குப் பென்ஷனே வந்துடும்" என்று சிரித்தாய்.

படத்தில் நொடியில் திறக்கிறான். அப்போது திரை முழுக்கக் கை மட்டும்தான். பூட்டைத் திருகுமுன் விரல்நுனிகளைத் தேய்த்துக்கொள்கிறது. சுண்டுவிரல் தனியாகத் தூக்கி நிற்கிறது. கொட்டகையே சிரித்தது. அது நடிகனின் கையே இல்லை. உன் கை எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் ஹாகர்ட்டி அம்மாள், "ஏண்டி, கதையில கல்யாணமே ஆகாதவன் கையில ஏது கல்யாண மோதிரம்?" என்றாள்.

"யாரோ கழட்ட மறந்துட்டாங்க போல" என்றேன்.

நிஜப் பெட்டகத்தைத் திறந்துவிட்டு, போலீசுக்குப் பயந்து நீ ஓடி மூன்று வருஷமாகிறது. படக் கம்பெனி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். ஒன்று மட்டும் எழுது: மறந்தாயா, மனம் வரவில்லையா?

இப்படிக்கு,
நானும் கழற்றாதவள்