எட்டு நிமிடத்தில் நிரம்பும் தொட்டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டேன், வரியெல்லாம் கீழே சாய்கிறது, சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்துக்கடைக்காரர் படி ஏறாதீர்கள் என்கிறார், இவள் மாடியில்தான் துணி உலர்த்துவேன் என்கிறாள்.

படகு ஏற்றி இறக்கும் புது லாக்குக்கு நீ போட்ட வரைபடம் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, மூன்று நாளாகப் பார்க்கிறோம். நூற்றைம்பது வருஷமாக ஒரு கல் தொட்டியும் இரண்டு மரக்கதவும்தான் படகுகளை மேலாற்றுக்கும் கீழாற்றுக்கும் ஏற்றி இறக்குகின்றன. லாரிக்குப் போன சரக்கெல்லாம் மறுபடி ஆற்றுக்கு வருகிறது, பக்கத்திலேயே பெரிதாக ஒன்று கட்ட என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கரையில் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டேன். பெருமைதான், மறைப்பானேன். ஆனால் தொட்டி எட்டு நிமிடத்தில் நிரம்பும் என்று எழுதி, ஓரத்தில் 'ஆமை அப்பாவின் கவனத்துக்கு' என்று குறும்பு வேறு செய்திருக்கிறாய்.

நம் பழைய லாக்கில் படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேல் மதகைக் கால்பங்கு திறந்து, நுரை அடங்கும்வரை நின்று, பிறகு அடுத்த கால் என்று நான் இருபது நிமிடம் எடுப்பேன். நான் பிறவி ஆமை இல்லையம்மா. நீ பிறந்துவிட்டாய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது தொட்டிக்குள் மீன்காரர் படகு நின்றது. உன்னைப் பார்க்கிற அவசரத்தில் மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். பிறந்த குழந்தை ஓடியா போய்விடும்? தண்ணீர் படகைத் தூக்கிச் சுவரில் அடித்தது, நடுவில் அவர் வலது கை. இரண்டு விரல் போய்விட்டது. பதிவேட்டில், கயிறு அறுந்து விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கயிறு முழுசாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்து, டீ குடித்துவிட்டுப் போகிறாரே, அவர்தான். நீ மூணு விரல் மாமா என்று ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாய், நான் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவேன்.

உன் எட்டு நிமிடம் பெரிய சரக்குப் படகுக்குச் சரி, சின்னப் படகு தாங்காது. கயிறு கட்டும் கொக்கியும் சின்னப் படகுக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில் போட்டிருக்கிறாய். அம்மா உன்னை விட்டுக்கொடுப்பாளா, பொண்ணு கணக்கு சரிதான், சின்னப் படகுங்கதான் படிக்கல என்கிறாள். வரைபடம் வெள்ளிக்கிழமை ஒப்புதலுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குள் மேலதிகாரியிடம் நீயே போய், தப்பாப் போட்டுட்டேன் என்று சொல்லிவிடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வேலை தள்ளிப்போகும், உனக்கும் கொஞ்சம் தலைகுனிவுதான். இன்னும் தாளில்தானே இருக்கிறது, திருத்திவிடலாம்.

உனக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை என்று நேற்றுக் காலை மீன்காரர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வலையைப் பிரித்தபடியே, என் கயிறு அறுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதா என்றார். பின்னே ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் வாராவாரம் வந்தேன் என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. நல்லா இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அப்பா