குகை மனிதனுக்குத் தாடி ஒட்டுகிறவள்

என்னங்க,

காலையிலேயே ஷூட்டிங். நேற்று நீங்கள் போட்ட சத்தத்துக்கு உங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டேன். சோறு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கள்.

"ஆதி மனுஷன் சோறு தின்னானா? மாத்திரை போட்டானா?" என்று புலித்தோல் கட்டிய ஆள் டிவியில் கேட்டதும் சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். கட்டின பெண்டாட்டி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினால், "தாடி ஒட்டுறதோட உன் வேலைய வெச்சுக்கோ!" என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சொல்ல வந்ததையாவது கேட்டிருக்கலாம்.

அந்த ஆளுக்குத் தாடி ஒட்டுவதே நான்தானே. பசை காய்வதற்குள் ரெண்டு கிரீம் பன்னை உள்ளே தள்ளிவிடுவார். தாடியில் ஒட்டிய கிரீமைத் துடைப்பதும் நான்தான்.

வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டில் கொடுங்கள்.

பி.கு: எழுதாமல் போக மனசு வரவில்லை. நேற்று கேமரா நின்றதும் அவர், "அக்கா, பையில மாத்திரை இருக்கு, எடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். நீங்கள் குப்பையில் போட்ட அதே சர்க்கரை மாத்திரை! புலித்தோலோடு நின்று விழுங்கினார், தண்ணீர் கொடுத்தது நான்.

புது மாத்திரை அட்டை வாங்கி ரிமோட் மேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உங்களுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்.